குடை இல்லாத கடைசிப் பக்கம்

நேற்று தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் அடித்தளத்தில் மாட்டிக்கொண்டேன். தங்கை மகளுக்குப் புடவை எடுக்கப் போனது. அவளும் அவள் மாமியாரும் கத்தரிப்பூ நிறத்துக்கும் வெங்காய நிறத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரப் பையன் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ ஓர் ஊர்சுற்றிக் கட்டுரையைத் திறந்தேன். பூமிக்கடியில் சிக்னல் எங்கே வருகிறது? எழுத்து மட்டும் வந்தது. படம் வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் யாரோ ஒரு வரி எழுதிவைத்திருந்தார்கள்: ‘பூட்டிய தபால் ஆபீஸ் வாசலில் ஓர் ஆடு, வாயில் பாதி தின்ற காகிதம்.’

சிரித்துவிட்டேன். சிரிப்பு இருமலில் முடிந்தது. இந்த வரியை உன்னிடம் சொல்ல வேண்டுமே, நீ இல்லையே என்று இருந்தது. மாமியார்க்காரி என்னவோ ஏதோவென்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். என் கையெழுத்தை நீ ஒருநாளும் பார்த்ததில்லை. கோழிக் கிறுக்கல் என்று ஊரே சொல்லும். உன்னிடம் மட்டும் முத்து முத்தாக இருக்கும் என்று கதை விட்டிருக்கிறேன். அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாம் சேர்ந்தது பி.ஏ. முதல் வருடத்தில். பிறவியிலேயே பார்வையில்லாத பெண் ஒருத்தி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், பாடம் படித்துக் காட்ட யாராவது முன்வர முடியுமா என்று பேராசிரியர் கேட்டபோது நான் கை தூக்கினேன். புண்ணியத்துக்காக இல்லை. உன் பக்கத்து இடம் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. மூன்றாவது நாளே நீ கண்டுபிடித்துவிட்டாய். “கரண்ட் போனா மட்டும் உனக்குத் தொண்டை கட்டிக்குதே, அது எப்படிடி?” என்று கேட்டாய்.

உன் மாதிரி ஆட்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்களுக்கு ‘ரீடர்’ என்று பேர். பெரும்பாலும் பரீட்சை முடிந்ததும் அந்த உறவும் முடிந்துவிடும். நமக்கு முடியவில்லை. நீ வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர் ஆனாய், நான் மயிலாப்பூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தேன். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் நான் 12பி பஸ் பிடித்து தி.நகருக்கு வந்துவிடுவேன். கீழே உங்கள் அண்ணனின் பாத்திரக்கடை, மேலே வீடு. அண்டாவும் குண்டானும் உருளும் சத்தத்துக்கு நடுவில் நான் படிப்பேன், நீ கேட்பாய். உன் அம்மா திருநெல்வேலிப் பேச்சை விடாதவர். “ஏட்டி கற்பகம், தொண்டை வத்திப் போச்சே, இந்தா குடி” என்று காபியை வைத்துவிட்டுப் போவார்.

நான் எப்படிப்பட்ட ரீடர் என்பதை நீ போன பிறகாவது முழுசாகச் சொல்லவேண்டும். நான் தாண்டுவேன். வர்ணனை வந்தால் போச்சு. அரைப் பக்கம் மேகம், ஒரு பக்கம் மலை, இரண்டு பக்கம் யாரோ ஒரு பிரபுவின் வீட்டுத் திரைச்சீலை. ஏதோ மலை, ஏதோ மேகம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். உன் காது பொல்லாத காது, தாள் புரளும் சத்தத்தை எண்ணும். அதனால் தாண்டிய பக்கங்களுக்கும் சேர்த்து நிதானமாகத் தாளைப் புரட்டுவேன். பேப்பர் படிக்கும்போது உனக்கு வருத்தம் தரும் செய்தியையும் விட்டுவிடுவேன். அது அன்பு என்றே நினைத்திருந்தேன்.

உனக்கு ஆசை ஒன்றுதான். பிரெயிலில் கிடைத்த புத்தகங்களை எப்போதோ தடவித் தீர்த்துவிட்டாய். “ஒரே ஒரு நாள், நடுவுல ஆள் இல்லாம நானா படிக்கணும்டி. நிறுத்தணும்னா நானே நிறுத்தணும். அசிங்கமா இருந்தா அந்த அசிங்கத்தையும் நானே பார்த்துக்கறேன்” என்பாய். நான் ‘ம்’ கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவுவேன்.

அந்த ஆங்கில நாவல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்தைய தடிப் புத்தகம். மலைக்கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி. வருகிறேன் என்று சொல்லிப் போன ஒருவன். பி.ஏ. முடித்த வருடம் பூராவும் அதைத்தான் படித்தோம். கடைசி அத்தியாயம் படிக்க வேண்டிய சனிக்கிழமை காலையில் உன்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நான் வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். தட்டில் கேசரி அப்படியே இருந்தது. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்களாம். போகும்போது பையனின் அம்மா, “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, பாவம்” என்றாளாம். நீ சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, “சரி, நீ படி” என்றாய்.

கடைசி அத்தியாயத்தை நான் பஸ்ஸிலேயே புரட்டிப் பார்த்துவிட்டேன். அவன் வருவதில்லை. வண்டி வருகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவன் இல்லை. அவள் திரும்பிப் போய்ப் பள்ளிக்கூட மணியை அடிக்கிறாள். அவ்வளவுதான் கதை. அன்றைக்கு அதை உனக்குப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. “இங்கிலீஷ் கரடுமுரடா இருக்கு, தமிழ்லயே சொல்லிடறேன்” என்று ஆரம்பித்தேன். வண்டி வந்தது. மழை கொட்டியது. கடைசி ஆளாக அவன் இறங்கினான். கையில் ஒரே ஒரு குடை. ‘நமக்கு இது போதும்’ என்றான். எங்கிருந்து வந்ததோ அந்தக் குடை, என் வாயில் வந்துவிட்டது. நடுநடுவே தாளையும் புரட்டினேன்.

நீ கேசரித் தட்டைத் துழாவி உன் பக்கம் இழுத்தாய். அப்புறம், “நல்லவேளை மழை பெய்ஞ்சுது” என்றாய். ஆறிப்போன கேசரியை நாம் இருவரும் தின்று தீர்த்தோம்.

அந்தக் குடை பிறகு உன் பேச்சில் ஒட்டிக்கொண்டது. வங்கியில் எந்தப் பெண் கண்ணைக் கசக்கினாலும், “இருடி, குடையோட வருவான்” என்பாய். கேட்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொல்லவில்லை.

தொண்ணூற்றாறில் அண்ணனின் சகலை அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ் அளவு, யாரோ உபயோகித்துத் தள்ளியது. கம்ப்யூட்டர் திரையில் வரும் எழுத்தை அது வாய்விட்டுப் படிக்குமாம். கடை பில் போட வாங்கிய கம்ப்யூட்டர் மேலே வீட்டில்தான் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தோடு, துணி போட்டு மூடி, யாரும் தொடாமல். நாம் இரண்டு பேருமாகத்தான் மாட்டினோம். கையேட்டை நான் படிக்க, பின்பக்கத்தை நீ தடவினாய். செருக இடம் இரண்டுதான் இருந்தது. ஒன்றில் போன் லைனோடு சேரும் மோடம், இன்னொன்றில் மவுஸ். பெட்டிக்கு இடமில்லை.

“இது என்னடி, வால் மாதிரி?”

“மவுஸ். திரையில அம்பு நகரும், அதைப் பார்த்து அழுத்தணும்.”

“பார்த்தா? எனக்கு எதுக்கு அது? புடுங்கு.”

மவுஸைப் பிடுங்கிய இடத்தில் பேசும் பெட்டி ஏறியது. கரகரத்த அமெரிக்க ஆண் குரல். மயிலாப்பூரை அது உச்சரித்த அழகில் நான் தரையில் உருண்டேன். நீ அதற்கு ‘துரை’ என்று பேர் வைத்தாய்.

அப்போது இணையம் வீட்டுக்கு வந்த புதிது. மாணவர்களுக்கு மட்டும் சலுகையில் ஓர் இணைப்பு கொடுத்தார்கள். அதில் படம் வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். கண் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். நீ அந்த அடையாள அட்டைக்காகவே தபாலில் எம்.ஏ. சேர்ந்தாய். “படம் வராதாமே? அப்ப எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே” என்றாய்.

மோடம் கத்துவதைக் கேட்டே நீ ஜாதகம் சொல்லிவிடுவாய். நாள் முழுக்க லைனைக் காதில் வைத்திருந்தவள் ஆயிற்றே. கீச்சிட்டு, கரகரத்து, இரைந்து முடிப்பதற்குள், “இது நிக்காது, வெச்சுட்டு மறுபடி போடு” என்பாய். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. லைன் எந்நேரமும் எங்கேஜ்டாக இருக்கிறதென்று அண்ணன் புகார் கொடுத்து, லைன்மேன் வந்து ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாரே, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “இன்னாம்மா இது, லைனுக்குள்ள கொசு மருந்து அடிக்கிற சத்தம் வர்து? யாரு கீறாங்க உள்ள?” என்றார். நீ அசராமல், “அமெரிக்கா கீது நைனா, மெதுவா வை” என்றாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இணைப்பு அறுந்துபோகாமல் நின்றது. லின்க்ஸ் என்ற நாலு எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து எண்டரைத் தட்டினாய். அதுதான் பிரவுசர். கீழ் அம்பை அழுத்தினால் வேறு பக்கத்துக்குப் போகும் அடுத்த சுட்டி, வலது அம்பை அழுத்தினால் உள்ளே, இடது அம்பை அழுத்தினால் வந்த வழி. துரை வாசிக்க ஆரம்பித்தார். நீ நிறுத்தினாய். மறுபடி வாசிக்கச் சொன்னாய். ஒரு வரி பின்னால் போனாய். இன்னொரு தடவை நிறுத்தினாய். நிறுத்த முடிகிறது என்பதற்காகவே நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும். உன் கழுத்து நரம்பு துடித்தது. காபி கொண்டுவந்த அம்மா உன் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரோடு அப்படியே நின்றார்.

நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் உன் வீட்டில் எனக்கு வேலையில்லாமல் போனது அன்றைக்குத்தான். சந்தோஷப்பட்டேன், சத்தியமாக. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அந்தத் துரையின் வயரைப் பிடுங்கினால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

நீ யாருடைய துணையும் இல்லாமல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தது, அந்த பிரவுசரின் உதவிப் பக்கங்களைத்தான். வேறு யாராவது சினிமா செய்தி தேடியிருப்பார்கள். இதைச் செய்தது யார், எதற்காகச் செய்தார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஒரு மாதம் அங்கே இங்கே துழாவி, துண்டு துண்டாகச் சேர்த்து, சனிக்கிழமைதோறும் எனக்குக் கதை சொன்னாய். அமெரிக்காவின் நட்டநடுவில், கோதுமை விளையும் மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம். அதன் கம்ப்யூட்டர் பிரிவில் மூன்று பேர். வளாகத்து அறிவிப்புகளை எல்லோரும் பார்க்க ஒரு வழி செய்யவேண்டும். ஆனால் அங்கே இருந்ததெல்லாம் எழுத்து மட்டும் காட்டும் பழைய திரைகள். அந்தத் திரைகளுக்காக இதைச் செய்தார்கள். அப்போது வெப் என்கிற வலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். அப்புறம் வலை என்று ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதையும் படிக்கிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள்.

“நம்மள மாதிரி ஆளுங்களை நினைச்சுச் செய்யவே இல்லடி. அவங்ககிட்ட நல்ல திரை இல்ல, அவ்வளவுதான் விஷயம். அதான் உருப்படியா வந்திருக்கு” என்றாய்.

“அது எப்படி?”

“பாவம்னு நினைச்சுச் செஞ்சிருந்தா பாதியோட விட்டிருப்பாங்க. இது போதும் இவளுக்குன்னு.”

எனக்குக் குடை ஞாபகம் வந்தது. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய்.

லின்க்ஸ் என்றால் கூர்மையான கண்ணுள்ள ஒரு காட்டுப்பூனையாம். அதைப் படித்த அன்று நீ சிரித்த சிரிப்பில் கீழே கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். செய்த மூவரில் ஒருவர், பிறகு படம் காட்டும் பிரவுசர் ஒன்றைச் செய்யும் கம்பெனிக்கே வேலைக்குப் போய்விட்டார் என்றும் கண்டுபிடித்தாய். “போனவர் போகட்டும். விட்டுட்டுப் போனதை யார் யாரோ சம்பளமில்லாமத் திருத்திட்டு இருக்காங்க பாரு, அவங்களைத்தான் பார்க்கணும்னு இருக்கு” என்றாய். முகம் தெரியாத அந்த ஆட்களைப் பற்றி இன்ன வயசு, இப்படிச் சட்டை என்று நாம் கற்பனை செய்துகொண்டிருந்தோம்.

மறுவருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை நூலகத்துக்குப் போன் செய்தாய். “கற்பகம், பழைய புத்தகங்களை முழுசா ஏத்தி வெச்சிருக்காங்கடி! நம்ம நாவல் இருக்கு!” உன் குரல் துள்ளியது. நான் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு 12பியில் ஏறினேன். நீ முதலிலிருந்து படிப்பாய், கடைசி அத்தியாயம் வர ஒரு மாதமாகும், அதற்குள் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.

உன்னைப் பற்றி எனக்கு என்ன தெரிந்திருந்தது? நான் வந்தபோது துரை வாயை மூடியிருந்தார். நீ கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாய்.

“முதல்ல எனக்குப் பிடிச்ச இடத்தைக் கேட்கலாம்னு பார்த்தேன். சாய்கோடு போட்டு ஒரு வார்த்தையை அடிச்சா அது இருக்கிற இடத்துக்கே கூட்டிட்டுப் போகும் இல்ல? குடைன்னு அடிச்சேன். இல்லைங்கிறான்.”

நான் கைப்பையைத் தரையில் வைத்தேன்.

“எழுத்தைத் தப்பா அடிச்சிட்டேன்னு நினைச்சேன். மறுபடி அடிச்சேன். இல்ல. சரி, மழைன்னு அடிச்சுப் பார்ப்போம்னு அடிச்சேன். முதல் அத்தியாயத்துல ஒரு மழை, நடுவுல ஒரு மழை. கடைசியில மழையே இல்ல கற்பகம். அப்புறம் அந்த அத்தியாயத்தை முதல்லேர்ந்து படிச்சேன். அவன் வரவே இல்லையேடி.”

“அன்னைக்குக் காலையில உன்னைப் பார்க்க வந்தவங்க…”

“தெரியும். எனக்கு நாள் மறந்துடுமா? அவங்களாவது வேண்டாம்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போனாங்க. நீதான்டி என்னைப் பாவம்னு நினைச்சே.”

நீ கேட்டாய்: “இன்னும் எதையெல்லாம் தாண்டினே? எது அவன் எழுதினது, எது நீ எழுதினது? நான் படிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேனே, நான் உண்மையிலேயே எதைத்தான் படிச்சேன்?” ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. அதையும் சொல்லத் தைரியமில்லை. நீ கம்ப்யூட்டர் மேல் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, “போயிட்டு வா” என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. படியிறங்கும்போது அம்மா, “என்னட்டி, காபி குடிக்காமப் போற?” என்று கேட்டதுதான் காதில் விழுந்தது.

மூன்று சனிக்கிழமை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் வாரம் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பூக்காரி, “இன்னாக்கா, வேண்டுதலா?” என்றாள். இரண்டாவது வாரம் நூலகத்திலிருந்து அதே நாவலை எடுத்துவந்து, நான் தாண்டிய மலைகளை எல்லாம் ஏறினேன். சில இடம் நன்றாகவே இருந்தது. அந்த மேகத்தை விட்டுவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது. சில இடம் மகா அறுவை. ஆனால் அறுவை என்று சொல்லும் பாக்கியம் உனக்குக் கிடைக்காமல் செய்தது நான்தானே? மூன்றாவது வாரம் எங்கும் போகவில்லை. பாயில் படுத்து அழுதேன்.

நாலாவது வாரம் நூலகத்துப் போன் அடித்தது.

“இந்தத் துரைக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு. இமேஜ், இமேஜ், இமேஜ்ங்கிறான். ஒரு பக்கத்துல பன்னிரண்டு இமேஜ், ஒரு எழுத்து இல்ல. போன மாசம் அங்க நான் படிச்சிருக்கேன்.”

நாட்டில் எல்லோருக்கும் படம் காட்டும் பிரவுசர் வந்துவிட்டது. எழுத்தாக இருந்த தலைப்புகளையும் சுட்டிகளையும் படமாக வரைந்து வைக்க ஆரம்பித்திருந்தார்கள். வண்ணமயமாக இருந்தது, எங்கள் நூலகத்திலும் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் உன் லின்க்ஸில் படத்தின் இடத்தில் ‘இமேஜ்’ என்ற ஒரு சொல்தான் வரும். ஒரு வருடம் திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்தன. உன் குரலில் அந்தப் பயம் இருந்தது. அதைக் கேட்டதும் என் வெட்கமெல்லாம் போய்விட்டது.

“நான் வர்றேன்” என்றேன்.

“வா. ஆனா உள்ளது உள்ளபடி. உனக்குப் பிடிக்காததும் சேர்த்து. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. எனக்கு நல்லது பண்றேன்னு கிளம்பினா, அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடு.”

அதற்கப்புறம் அதுவே நம் வழக்கமானது. வாரம் முழுக்க இடித்துக்கொண்ட படங்களை நீ பிரெயிலில் குறித்து வைப்பாய். வெள்ளிக்கிழமை போனில் முகவரிகளை ஒப்பிப்பாய். நான் நூலகத்தில் படம் காட்டும் பிரவுசரில் அவற்றைத் திறந்து, பார்த்ததை எழுதிக்கொண்டு சனிக்கிழமை வருவேன். ஒரு வாரமாக நீ மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு படம் வெறும் நீலக் கோடு. “ஒரு கோட்டுக்கா நான் தூங்காம இருந்தேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாய். இன்னொன்றில் மஞ்சள் பலகையில் ஓர் ஆள் குனிந்து மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தான்.

“எதுக்குத் தோண்டறான்?”

“பக்கம் இன்னும் முடியலையாம். வேலை நடக்குதாம்.”

“நம்ம உஸ்மான் ரோடு மாதிரியா? அப்ப முடிஞ்ச மாதிரிதான்.”

சிரித்தோம். பழைய மாதிரி இல்லை, கொஞ்சம் பார்த்துப் பார்த்துத்தான் சிரித்தோம். ஒரு சாலைப் படத்தில் கார், மரம், வீடு என்று எழுதிவந்திருந்தேன். “யாரும் நடக்கலையா?” என்று கேட்டாய். “ஒரு அம்மா நடக்கறா, முதுகுதான் தெரியுது. சொல்ல வேண்டாம்னு விட்டேன்.” “பார்த்தியா, மறுபடி தாண்டறே” என்றாய். அடுத்த வாரத்திலிருந்து முதுகுகளையும் எழுதினேன்.

பக்கம் எழுதுகிறவர் நினைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுதிவைக்கலாம், லின்க்ஸ் அதைப் படிக்கும் என்பதை நீதான் தோண்டி எடுத்தாய். உடனே ஊர் உலகத்துக்கெல்லாம் மெயில் எழுத ஆரம்பித்தாய். ‘உங்கள் பக்கத்தில் ஏழு படங்கள் இருப்பதாகத் தெரிகிறது. அவற்றில் என்ன இருக்கிறது என்று அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். படத்துக்கு ஒரு வரி எழுத முடியுமா?’ அவ்வளவுதான். கண் தெரியாது என்று ஒரு வார்த்தை போட்டால் உடனே செய்வார்களே என்றேன். நீ கேட்கவில்லை. “ஆவலா இருக்குன்னு சொன்னா, நல்லா எழுதணும்னு தோணும். பரிதாபம்னா ‘படம்’னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சுடுவாங்க.”

பலரும் பதில் போடவில்லை. சிலர் போட்டார்கள். ஏதோ ஓர் ஊரில் விதைகளைச் சேகரிக்கும் ஒருவர் தன் பக்கத்துப் படங்களுக்கெல்லாம் உட்கார்ந்து எழுதியிருந்தார். நீ வேலை நேரத்தில் வங்கிப் போனிலிருந்தே கூப்பிட்டாய். “கற்பகம்! இன்னைக்குத் துரை இமேஜ்னு சொல்லல. ‘என் கட்டைவிரல் நகத்தளவு பூசணி விதை, ஓரத்தில் எலி கடித்தது’ன்னான்!” எலி கடித்ததைச் சொன்னதுதான் உனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்றைக்கு நான் உன்னை முன்னைவிட அதிகமாக நேசித்தேன். சொன்னால் கிண்டல் பண்ணுவாய் என்று சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதில் உனக்கு வயிற்றுவலி வந்தது. அல்சர் என்றார்கள், பித்தப்பையில் கல் என்றார்கள். கடைசியில் அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறிக்கை வந்த மத்தியானம் நான் அங்கே இருந்தேன். வராந்தாவில் அண்ணன் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். படித்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, அவ உன்னையத்தான் கேக்குதா. நல்லதா நாலு வார்த்தை மட்டும் சொல்லிருட்டி. என் பிள்ளை தாங்க மாட்டா” என்றார். அண்ணன் கையைக் கூப்பினார்.

உள்ளே வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். என் செருப்புச் சத்தத்திலேயே திரும்பினாய்.

“தாள் உன் கையிலதானே இருக்கு? படி.”

கதவோரம் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். எனக்கு அது கைவந்த கலை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னைத்தான் கூப்பிட்டிருந்தாய்.

உன் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். வயது, பதிவு எண், எடுத்த தேதி. வாய் குளறும் மருத்துவச் சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கணையத்தில் கட்டி. கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் படித்து, தமிழிலும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட டாக்டரின் பட்டங்களைப் படித்தேன். கீழே டைப் அடித்தவரின் இனிஷியல் இரண்டு எழுத்து இருந்தது, அதையும் படித்தேன்.

“அவ்வளவுதானா?” என்றாய்.

“அவ்வளவுதான்.”

“சரி” என்றாய். திரும்பக் கேட்கவில்லை, அண்ணனிடம் சரிபார்க்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய். அப்புறம் கட்டிலைத் தட்டி என்னை உட்காரச் சொன்னாய். “படிச்சு முடிச்சாச்சு இல்ல? இப்ப அழுடி.”

அழுதேன். நீ என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய். இரண்டு மாதத்தில் போய்விட்டாய்.

இப்போது எங்கள் தெருவில் இங்கிலீஷ் அறிக்கை எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஆஸ்பத்திரித் தாள், கோர்ட் நோட்டீஸ், யாரோ ஒரு வீட்டு மருமகள் அனுப்பிய வக்கீல் கடிதம். கொண்டுவருகிறவர்கள் கண்ஜாடை காட்டுவார்கள், பெரியவருக்கு இதைச் சொல்லவேண்டாம் என்பார்கள். நான் யாருடைய ஜாடையையும் பார்ப்பதில்லை. யாருடைய பெயர் அதில் இருக்கிறதோ, அவர் கேட்டால், அவர் முகத்தைப் பார்த்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறேன். படித்து முடித்த பிறகுதான் அழுகிறேன்.